ஆட்டின் கம்பளியும் அக்கினி நட்சத்திரமும்

சித்திரை மாதம் பிறந்ததும் நம்முடைய வீடுகளில் நடைபெறும் முதற் காரியம் தேகத்தின் மேலிருக்கும் துணியைக் குறைப்பதுதான். ஆபீஸிலிருந்து திரும்பிய குடும்பத் தலைவர் வாசற்படி தாண்டியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார். குழந்தைகள் சிமெண்டுத் தரையில் வெற்றுடம்போடு உருளுகின்றன. நாவிதர் கடையில் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம் சேர்கிறது. இந்தச் சமயத்தில் ரயில் ஜன்னல் வழியாக, பொட்டல் வெளியில் கம்பளியைச் சுமந்துகொண்டு நிற்கும் ஒரு செம்மறியாட்டு மந்தையைக் கண்டால் யாருக்குத்தான் மனம் இளகாது? "ஐயோ, பாவம்! நமக்கு ஒரு மல் ஜிப்பாவே பாரமாயிருக்கிறது. இதுகளுக்கு இந்த வெயிலில் கம்பளிப் போர்வை வேறா? கத்தரித்து விட்டால் எவ்வளவு சுகமாயிருக்கும்!" என்று நம்முடன் பிரயாணம் செய்த ஓர் அம்மாள் ஒரு சமயம் சொன்னார்.

அந்த அம்மாளின் இரக்கத்தைக் குறை கூறுவது நம் நோக்கமல்ல. ஆனால் மனிதனுக்குச் சுகம் தருவது ஆட்டுக்கும் சுகம் தரவேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. இந்த விஷயத்தை நாம் துருவிப் பார்க்க நேர்ந்ததற்குக் காரணம் நம் வகுப்புப் பையன் ஒருவன். உஷ்ணத்தைக் கடத்தும் பொருள்கள், கடத்தாப் பொருள்கள் என்ற பாடத்தை வழக்கம் போல நடத்திக்கொண்டிருந்தோம். கம்பளி நம் உடம்பின் உஷ்ணத்தை வெளியே விடாது. ஆகையால் குளிர் காலத்தில் அது கதகதப்பாக இருக்கிறது என்றோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "அப்படியானால் வெளியே இருக்கிற வெயிலையும் அது உள்ளே விடாதல்லவா, ஸார்?" என்றான். இருபது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு நேரான கேள்விகளை நாம் விரல் விட்டு எண்ணிவிடலாம். பையன் இடையர் தெருவைச் சேர்ந்தவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பையன் கேட்டது முற்றிலும் நியாயமே. ஐஸ் கட்டி விற்பவனைப் பாருங்கள். கட்டியை மரத்தூளில் புதைத்து, மேலே கோணிச் சாக்கைச் சுற்றி வைத்திருக்கிறான். ஐஸுக்குக் குளிருமே என்ற கவலையினாலா அப்படிச் செய்கிறான்? வெளியிலுள்ள உஷ்ணம் உள்ளே புகக் கூடாது என்றல்லவா போர்த்தி வைக்கிறான்! கம்பளி, மரத்தூள், வைக்கோல், பனையோலை ஆகிய இவை அனைத்தும் தங்கள் இடுக்குகளில் காற்றைச் சிறை வைத்திருக்கின்றன. அசையாத காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்துவதில்லை. எந்தப் பக்கத்து உஷ்ணம் என்று அது பார்ப்பதுமில்லை.

இதை ஆட்டின் மேலேயே அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தின் வடமேற்கில் ஜூலியா க்ரீக் என்று ஓர் ஊர். மரம் அரிதான, புல் மட்டும் முளைத்த, சூரியன் இரக்கமின்றிக் காயும் சமவெளி. 1950-களில் மக்பார்லேன் என்ற தேக தத்துவ நிபுணரும், மாரிஸ், ஹவர்ட் என்ற அவருடைய சகாக்களும் அங்கே மெரினோ ஆடுகளை வைத்துப் பல பரிசோதனைகள் நடத்தினார்கள். நடுப்பகலில் வெயிலில் நிற்கும் ஆட்டின் கம்பளி நுனியில் உஷ்ணமானியை வைத்துப் பார்த்தபோது அது 80 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே ஏறியது. அந்தச் சூட்டில் நாம் விரலை வைத்தால் கொப்புளித்துவிடும். ஆனால் அதே கம்பளியை விலக்கித் தோலின் மேல் வைத்துப் பார்த்தால் 40 டிகிரியைச் சற்றே தாண்டியிருந்தது. இடையே இருந்தது சில அங்குலம்கூட இல்லாத ரோமந்தான்!

இந்த அற்புதம் எப்படி நடக்கிறது? நுனி அவ்வளவு சூடேறுவதுதான் இதன் சூட்சுமம். சுற்றிலுமுள்ள காற்று 40 டிகிரியில் இருக்கும்போது ரோம நுனி அதைவிட இரண்டு பங்கு சூடாக இருக்கிறபடியால், வாங்கிய வெப்பத்தில் பெரும் பகுதியை அங்கேயே காற்றுக்கும் ஆகாயத்துக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. உள்ளே இறங்கித் தோலைத் தொடுவது அற்ப சொற்பமே. ஓலைக் கூரை வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் ஒரு கோடையாவது குடியிருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. ஓலையின் மேற்புறம் கொதிக்கிறது. கீழே பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறாள். தகரத்தின் மேற்புறம் கொதித்தால் உட்புறமும் கூடவே கொதிக்கிறது. வெயில் காலத்தில் ஆட்டை ஒட்டக் கத்தரிப்பது, கூரையைப் பிரித்துத் தகரத்தைப் போடுவது போன்றது.

ஒட்டகத்தின் கதையும் இதுவே. ஷ்மிட்-நீல்ஸன் என்ற விஞ்ஞானி 1953-54-ல் ஸஹாரா பாலைவனத்தில் பெனி அப்பெஸ் என்ற பசுஞ்சோலையில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். ரோமத்தைக் கத்தரித்த ஒட்டகம், கத்தரிக்காததைவிட ஒன்றரை மடங்கு ஜலத்தைச் செலவழித்தது என்று கண்டார். பாலைவனத்தில் ஜலம் என்பது உயிர். ஆகவே அங்கே ரோமமும் உயிர்தான்.

கறுப்பு நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எழலாம். திருச்சி, கரூர்ப் பக்கங்களில் கம்பளிக்காக வளர்க்கும் ஆட்டைக் கருங்குறும்பை என்பார்கள். உச்சி முதல் குளம்பு வரை கறுப்பு. கறுப்பு வெயிலை உறிஞ்சுமே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பீர்கள். பாலைவனத்து அரபியர் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று 1980-ல் சிலர் பரிசோதித்தார்கள். கறுப்பு அங்கி அதிக உஷ்ணத்தை உறிஞ்சுவது உண்மையே. ஆனால் தளர்ந்து தொங்கும் அங்கிக்கும் உடம்புக்கும் நடுவே அந்த அதிகப்படி உஷ்ணம் காற்றோடு போய்விடுகிறது. வெள்ளை அங்கி அணிந்தவனுக்கும் கறுப்பு அங்கி அணிந்தவனுக்கும் தோலில் சேரும் உஷ்ணம் ஒன்றாகவே இருந்ததாம்.

இனி, கம்பளியை விட்டு ஆட்டின் உள்ளே போவோம்.

ஆட்டின் தேக உஷ்ணம் சாதாரணமாக 39 டிகிரி. நமக்கு அது ஜுரம், ஆட்டுக்கு ஆரோக்கியம். நமக்கு வியர்வை எப்படியோ, அப்படி ஆட்டுக்கு மூச்சு. ஆட்டுக்கும் வியர்வைச் சுரப்பிகள் உண்டு. ஆனால் அவற்றால் ஆகும் காரியம் கொஞ்சம். குளிர்ந்த வேளையில் நிமிஷத்துக்கு 20 அல்லது 30 தடவை சுவாசிக்கும் ஆடு, உஷ்ணம் ஏற ஏற 200-க்கும் மேலே போகிறது. மூக்கின் ஈரமான உட்சவ்வின் மேல் காற்று விரைந்து செல்லும்போது ஈரம் ஆவியாகிறது; சவ்வு குளிர்கிறது; அதில் ஓடும் இரத்தமும் குளிர்கிறது.

குளிர்ந்த அந்த இரத்தத்தை ஆடு எப்படி உபயோகிக்கிறது என்பதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய், மூளையின் அடியில் ஆயிரக்கணக்கான நுண் கிளைகளாகப் பிரிந்து ஒரு வலையாகிறது. அந்த வலை, மூக்கிலிருந்து திரும்பும் குளிர்ந்த இரத்தம் தங்கும் ஒரு குளத்தில் மூழ்கிக் கிடக்கிறது. சூடான இரத்தம் வலைக்குள் ஓடும்போதே தன் சூட்டைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, சற்றுக் குளிர்ந்து மூளைக்குப் போகிறது. உடம்பு கொதித்தாலும் மூளை அவ்வளவாகக் கொதிப்பதில்லை. மனிதருக்கு இந்த வலை இல்லை. "ஆட்டு மூளை" என்று இனி யாரையாவது வைவதற்கு முன் சிறிது யோசிப்பது நல்லது!

ஆனால் மூச்சு வாங்குவது இலவசமல்ல. விரைவாகச் சுவாசிப்பதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது; இரத்தம் காரத் தன்மை அடைகிறது. ஜலம் வீணாகிறது. இரைக்காகச் செலவழிக்க வேண்டிய நேரம் மூச்சுக்காகச் செலவாகிறது. முதலில் வாயை மூடிக்கொண்டு மேலெழுந்தவாரியாக வேகமாகச் சுவாசிக்கும் ஆடு, உஷ்ணம் எல்லை மீறினால் வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கத் தொடங்குகிறது. "மூச்சு நிதானப்பட்டுவிட்டது" என்று அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் ஆபத்து ஆரம்பிப்பது அப்போதுதான். உடனே நிழலும் ஜலமும் தேவை.

இந்த யந்திரத்துக்கெல்லாம் கட்டளை கொடுப்பவை சுரப்பிகள். அவை இரத்தத்தில் கலந்துவிடும் சொற்ப அளவு ரசங்களுக்கு ஹார்மோன் என்று பெயர். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை அடுப்பின் துருத்திக்கு ஒப்பிடலாம். குளிர் வந்தால் அது துருத்தியை அழுத்துகிறது. உடம்பில் உணவு வேகமாக எரிந்து உஷ்ணம் உண்டாகிறது. வெயில் வந்தால் துருத்தி ஓய்கிறது, எரிவது மட்டுப்படுகிறது, பசியும் மந்தமாகிறது. கோடையில் ஆடு சரியாக மேயவில்லை என்று சொல்வதில், அது சோம்பேறித்தனமல்ல, வீட்டில் தீ மூட்டாமல் இருக்கும் விவேகம் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கத்தரித்த ஆட்டுக்கோ இரட்டைச் சங்கடம். பகலில் வெயில் நேரே தோலில் விழுவதால் துருத்தியை ஓயச் சொல்லுகிறது. இரவில் குளிர்ந்த காற்று நேரே தோலில் படுவதால் துருத்தியை அழுத்தச் சொல்லுகிறது. கம்பளி இருந்த ஆட்டுக்கு இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு இல்லை.

சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி மற்றொன்று. பயம், வலி, கலவரம் எது நேர்ந்தாலும் அது கார்ட்டிஸால் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. ரோமம் கத்தரிக்கும்போது ஆட்டின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தவர்கள் எல்லோரும் கார்ட்டிஸால் மளமளவென்று ஏறுவதைக் கண்டிருக்கிறார்கள். இதில் ஆச்சரியமில்லை. கூட்டத்தை விட்டுப் பிரிவதே செம்மறிக்குப் பெருந்துன்பம். பிரித்து இழுத்து வந்து, மல்லாக்கத் தள்ளி, காதருகே கத்தரியையோ யந்திரத்தையோ ஓட்டினால் யாருக்குத்தான் கலவரம் ஏற்படாது? சில மணி நேரத்தில் இது தணிந்துவிடும். வேளை குளிர்ச்சியாயிருந்தால் தீங்கு ஒன்றுமில்லை. ஆனால் உச்சி வெயிலில், ஏற்கெனவே மூச்சு வாங்கும் ஆட்டை இந்தப் பாட்டுக்கு உட்படுத்தினால், கலவரத்தால் எழும் உஷ்ணமும் வெயிலின் உஷ்ணமும் ஒன்றோடொன்று கூடுகின்றன.

ஜலத்தைக் காப்பதற்கும் ஒரு ஹார்மோன் உண்டு. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாஸோப்ரெஸ்ஸின் என்ற ரசத்தை விட்டதும், சிறுநீரகம் ஜலத்தைக் கஞ்சனைப் போல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. மெரினோ ஆடு தன் எடையில் கால் பங்கை ஜலமாக இழந்த பின்னும் உயிர் தரித்திருக்கும். நாம் அதில் பாதி இழப்பதற்குள் நம் காரியம் முடிந்துவிடும். பாலூட்டும் ஹார்மோனாகிய ப்ரோலாக்டினும் வெயில் காலத்தில் ஆட்டுக்கு அதிகமாகச் சுரக்கிறது.

கிடாய்களைப் பற்றி ஒரு குடும்பப் பத்திரிகையில் எவ்வளவு எழுதலாமோ அவ்வளவு எழுதுகிறோம். கோடை உஷ்ணம் கிடாயின் சந்தான சக்தியைப் பாதிக்கிறது. பாதிப்பு அன்றே தெரிவதில்லை. சுமார் ஏழு வாரங்கள் சென்றுதான் புது வித்து முதிர்வதால், வைகாசியில் பட்ட வெயில் ஆடியில் சினை பிடிக்காமல் போவதாகத் தலைகாட்டுகிறது. சினையாடுகளின் விஷயம் இன்னும் பரிதாபம். கடும் வெயிலில் தாயின் இரத்தம் தோலை நோக்கி ஓடுவதால் கர்ப்பத்துக்குச் செல்லும் பங்கு குறைகிறது; நஞ்சு சிறுத்துப் போகிறது; குட்டி எடை குறைந்து பிறக்கிறது. இதற்கு மறுதலையாக, நியூஜீலாந்து போன்ற குளிர் தேசத்தில் சினையின் நடுக் காலத்தில் தாயைக் கத்தரித்து விட்டால் குட்டி சற்று அதிக எடையோடு பிறக்கிறது! தேசத்துக்குத் தேசம் ஒரே கத்தரிக்கோல் வெவ்வேறு பலன் தருகிறது.

இவ்வளவையும் புத்தகங்களில் படித்த பிறகு நம் கண்ணால் ஒரு மந்தையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அந்தப் பையனின் தாத்தா கரூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் கருங்குறும்பை ஆடுகள் வைத்திருக்கிறார். சென்ற கோடை விடுமுறையில், வகுப்பிலிருந்து நான்கு பையன்களையும் அழைத்துக்கொண்டு போனோம். பெரியவர் நம்மை வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார். அவர் முகத்தில் மட்டும் களையில்லை. விஷயம் இதுதான். மாசிக் கடைசியில் வரவேண்டிய ரோமம் கத்தரிக்கும் ஆட்கள் சித்திரைப் பாதிக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கைத்தொழில் தெரிந்தவர்கள் இப்போது மிகக் குறைவு. கிராமம் கிராமமாகப் போய்வர வேண்டியிருக்கிறது. வந்தவர்கள் இரண்டு நாளில் பாதி மந்தையைக் கத்தரித்து முடித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பெரியவர், "போதும், கத்தரியைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார். மகனுக்குக் கோபம்.

"இப்போ அனுப்பிச்சா இவங்க மறுபடி புரட்டாசிக்குத்தான் வருவாங்க. மழையிலே ரோமம் நனைஞ்சு ஈ மொய்ச்சுப் புழு வெச்சா அப்பன் வந்து பொறுக்குவாரா? நீங்களே சொல்லுங்க, வாத்தியாரய்யா" என்றான் மகன்.

"அக்கினி நட்சத்திரத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. இப்போ தோலை உரிச்சு வெயிலுக்குக் கொடுக்கச் சொல்றான். பத்து நாள் முளை இருந்தாக்கூட நான் பேச மாட்டேனுங்க" என்றார் தகப்பனார்.

இருவர் சொன்னதும் உண்மை. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை, சொல்லவுமில்லை. ஆனால் கத்தரித்த பாதியும் கத்தரிக்காத பாதியும் ஒரே மந்தையில் நிற்கும்போது அதைவிடச் சிறந்த பாடசாலை எங்கே கிடைக்கப் போகிறது? பையன்களிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து விலாவின் அசைவைப் பார்த்து மூச்சை எண்ணச் சொன்னோம். பதினொரு மணிக்கு வெயிலில் நின்ற ஆடுகளில் ரோமம் உள்ளவற்றை எண்ண முடிந்தது. கத்தரித்தவற்றை எண்ணப் புகுந்த பையன் இரண்டு தடவை கணக்குத் தவறி, "ஓடுகிறது, ஸார்" என்று விட்டுவிட்டான். ஆடுகள் எல்லாம் தலையைக் குனிந்து, ஒன்றின் வயிற்றுக்கடியில் மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு நின்றன. வெயிலில் மந்தை ஏன் இப்படி நெருங்கி நிற்கிறது என்று பட்டணத்துப் பையன்கள் சிரித்தார்கள். இருக்கிற நிழல் அது ஒன்றுதான் என்று பெரியவரின் பேரன் விளக்கினான்.

மாலையில் ஒரு வேடிக்கை. கீழ்க்காற்று நின்று புழுக்கம் கண்டது. ஆடுகளைப் பட்டிக்குள் அடைத்த பிறகு மறுபடி எண்ணினார்கள். இப்போது கத்தரித்த ஆடுகள் நிம்மதியாகப் படுத்து அசை போட்டன. ரோமம் உள்ளவையே இன்னும் மூச்சு வாங்கின. பையன்கள் திகைத்துப் போனார்கள். இதில் முரண் ஒன்றுமில்லை. கம்பளி ஒரு கதவு. பகலில் உஷ்ணத்தை உள்ளே விடாத அதே கதவு, மாலையில் உள்ளே சேர்ந்ததை வெளியே விடத் தாமதிக்கிறது. வெயில் உலர்ந்து எரியும் இடத்தில் ரோமம் நண்பன். நிழலும் புழுக்கமும் உள்ள இடத்தில் அது சுமை. கடலோரத்தில் கொட்டகைக்குள் வளரும் ஆட்டுக்கும், பொட்டலில் மேயும் ஆட்டுக்கும் ஒரே புத்திமதி கூறுகிறவர்களை நம்பவேண்டாம்.

கத்தரித்தவற்றைப் பெரியவர் வேறு விதமாக நடத்தினார். விடியுமுன் ஓட்டிக்கொண்டு போய்ப் பத்து மணிக்குள் புளியந்தோப்புக்குத் திருப்பிவிடுவார். நாலு மணிக்கு மேல்தான் மீண்டும் மேய்ச்சல். ஜலத்தை இரண்டு வேளை காட்டிய இடத்தில் மூன்று வேளை காட்டினார். வெயிலுக்கு எதிராகச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். ஆனால் நஷ்டம் வெயிலினால் வரவில்லை. நாம் ஊர் திரும்பிய மறு வாரம், பகல் முழுதும் அனல் வீசி, இரவில் இடியும் காற்றுமாகக் கோடை மழை கொட்டியது. திறந்த வெளிப் பட்டி. ரோமம் இருந்த ஆடுகள் உதறிக்கொண்டு நின்றன. கத்தரித்தவை நடுங்கின. மகன் இருட்டில் அவற்றை ஓட்டி வந்து பழைய வீட்டின் சுவரோரம் நெருக்கி நிறுத்தி, கோணிகளைக் கொண்டுவந்து குட்டிகளுக்குப் போர்த்தினானாம். ஒரு கிழட்டுத் தாயாடு காலையில் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பால் குடிக்கும் குட்டி ஒன்று இருந்தது. பேரன் நம்மிடம் பள்ளி திறந்த அன்று இதைச் சொன்னான்.

கோடையில் குளிரால் ஆடு சாகுமா என்று கேட்கலாம். சாகும். முழு ரோமம் உள்ள ஆடு உறைபனியையும் தாங்கும். புதிதாகக் கத்தரித்த ஆட்டுக்கோ காற்று 25 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உடம்பைச் சூடாக்கிக்கொள்ளச் சக்தி செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதோடு மழையும் காற்றும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் வானிலை இலாகா, கத்தரித்த மந்தைகளை உத்தேசித்தே ஆடு வளர்ப்போருக்குத் தனி எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒட்டக் கத்தரிக்காமல் சிறிது ரோமத்தை விட்டுவைக்கும்படி அமைந்த சீப்புகளைச் சிலர் யந்திரத்தில் மாட்டுகிறார்கள். நம் ஊர்க் கத்தரிக்கோல் இந்த விஷயத்தில் யந்திரத்தைவிட மேல். எவ்வளவு கைதேர்ந்தவன் கத்தரித்தாலும் தோலோரம் கொஞ்சம் ரோமம் தங்கிவிடுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆட்டைக் கத்தரிக்கவே கூடாது போலும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. காட்டு ஆடு வருஷந்தோறும் தன் ரோமத்தைத் தானே உதிர்த்துக்கொள்ளும். கம்பளிக்காக மனிதன் வளர்த்த ஆடு அந்த வித்தையை மறந்துவிட்டது. 2004-ல் நியூஜீலாந்தில் ஷ்ரெக் என்று பேர் வைத்த மெரினோ ஆடு ஒன்று அகப்பட்டது. கத்தரிக்குப் பயந்து ஆறு வருஷம் குகைகளில் ஒளிந்திருந்ததாம். அதன் மேலிருந்த ரோமம் 27 கிலோ. 2015-ல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு அருகே கண்டெடுத்த மற்றொன்றின் மேல் 41 கிலோவுக்கும் அதிகம் இருந்தது. சாதாரண மெரினோவின் வருஷ ரோமம் நாலைந்து கிலோதான். அந்த ஆட்டால் நடக்க முடியவில்லை. உயிருக்கே ஆபத்தான நிலையில் இருந்தது. மல்லாந்து விழுந்துவிட்டால் அப்படிப்பட்ட ஆடு எழுந்திருக்க முடியாது. வயிற்றில் வாயு சேர்ந்து அப்படியே இறந்துபோகும். கத்தரிக்காமல் விடுவதும் கொடுமைதான்.

ஆகவே, எப்போது என்பதுதான் விஷயம். மெரினோ ரோமம் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வளர்கிறது. கடும் வெயிலுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்னதாகக் கத்தரித்தால், வெயில் வரும்போது கூரை போட ஆரம்பித்திருக்கும், ஆனால் சுமையாகியிருக்காது. ராஜஸ்தானத்தில் மார்வாரி, மால்புரா ஆடுகளுக்கு மார்ச்சு-ஏப்ரலில் ஒரு தடவையும், மழைக்குப் பின் ஒரு தடவையும் கத்தரிப்பது வழக்கம். அங்கே அவிகாநகரில் 1962 முதல் மத்திய ஆட்டு ஆராய்ச்சி நிலையம் நடந்துவருகிறது. நம் பெரியவரின் மாசிக் கணக்கும் அதே கணக்குத்தான். அவர் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்ததில்லை.

ஆனால் கத்தரிக்க ஆள் வரவேண்டுமே! முரட்டுக் கம்பளி ரோமத்துக்கு இப்போது கிடைக்கும் விலை கத்தரிக் கூலிக்கே போதவில்லை. மில் போர்வை மலிவாகக் கிடைக்கும்போது குத்துகிற கறுப்புக் கம்பளியை யார் வாங்குகிறார்கள்? பெரியவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு வருஷத்து ரோமம் மூட்டையாகக் கிடந்தது. அடுத்த தெருவில் கம்பளி நெய்த குழித்தறியில் இப்போது கோழி அடைகாக்கிறது. இந்த நிலையில் மகன் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான். சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கு ரோமமில்லை; வழவழப்பான குட்டை மயிர்தான். வெயிலை அது நன்றாகத் தாங்கும். கத்தரிக்கவும் வேண்டாம்; தோலுக்கும் நல்ல விலை. ஐப்பசியில் இரண்டு மேச்சேரிக் கிடாய்களைச் சந்தையில் வாங்கி வந்து மந்தையில் விட்டுவிட்டான்.

பெரியவர் தடுக்கவில்லையாம். கருங்குறும்பைத் தாய்களில் பன்னிரண்டை மட்டும் தனியாகப் பிரித்து, பழைய கிடாயோடு சேர்த்துத் தாமே மேய்க்கிறார். அந்தப் பன்னிரண்டையும் இந்த மாசியில் பேரனை வைத்துக்கொண்டு தம் கையாலேயே கத்தரித்து முடித்தார். பேரன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் "உடல் நலமின்மை" என்று எழுதியிருந்த லீவுக் கடிதத்தை நாம் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டோம்; பையனின் வலது கைக் கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடி அழுந்திய கொப்புளம் இருந்தது.